பாத்திக்குத் தண்ணீர் வராத நாட்கள்

அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு எழுதுகிறேன். உங்கள் பொறுப்புத் தாதி என் வீடு தேடி வந்து கேட்டபோது, முதலில் ஏலாது என்றுதான் சொன்னேன். ஓய்வு பெற்ற ஆளைக் கொஞ்சம் ஓய்வாக இருக்க விடுங்கள் என்றேன். அவள் விடுகிற ஆளா? என்னிடம் வேலை பழகியவள். தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்து முடித்துவிட்டு, "மிசி, அந்தப் பாம்புக்கடி மனிசியின்ரை கதையை எண்டாலும் எழுதித் தாங்கோ. நான் சொன்னால் உதுகள் நம்புதுகள் இல்லை" என்றாள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் களைத்துப்போன மனுசி. முழங்கால் இரண்டும் போய்விட்டன. குசினியில் குக்கர் கத்தினால், எந்தக் கட்டிலில் மொனிட்டர் கத்துகிறது என்று எழும்பி ஓடப் பார்க்கிறேன். இந்த வேலை புனிதமானது, தியாகமானது என்று மேடையில் முழங்குகிறவர்கள் ஒருநாளாவது இன்னொருவரின் சளியை உறிஞ்சி எடுத்திருக்க மாட்டார்கள். இது வேலை. கால் நோகும், ஏச்சு விழும், நன்றி சொல்ல வருகிறவர்கள் டொக்டரைத் தேடிப் போவார்கள். இதற்கெல்லாம் மனம் உடைகிற ஆளென்றால் இப்போதே வேறு வேலை பாருங்கள், கோபிக்க மாட்டேன்.

மருந்தளவு, குழாய், மெஷின் எல்லாம் உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். நோயாளியின் கட்டிலில் குந்தியிருக்கக் கூடாது என்பதையும் சொல்லியிருப்பார்கள். அந்தக் கடைசி விசயத்துக்காக நான் ஏசிய ஏச்சில் அழுதவர்கள் இன்றைக்கு வெவ்வேறு ஆஸ்பத்திரிகளில் பொறுப்பில் இருக்கிறார்கள். கிருமி கட்டிலுக்கு ஏறும், ஒழுங்கு கெடும், களைப்பென்றால் கதிரையைத் தேடு என்பேன். நானும் அந்த ஒழுங்கை மீறாமல்தான் வேலை செய்தேன். ஒரே ஒரு முறையைத் தவிர. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மருதனார்மடச் சந்தியிலிருந்து உள்ளே போனால் வருகிற தோட்டக் கிராமம் ஒன்றில் பவளம் என்று ஒரு பெண். ஐம்பதை நெருங்கிய வயது. சித்திரை வெக்கை. வெங்காயம் கிண்டி, பிடி பிடியாகக் கட்டிக் கொட்டிலில் தூக்கியிருந்தார்கள். வீட்டுக்குள் புழுங்குகிறது என்று பவளம் அந்தக் கொட்டிலில் பாயைப் போட்டுப் படுத்துவிட்டாள்.

விடியும்போது அவளுக்கு வயிற்றுக் குத்து. பிறகு சத்தி, குடித்ததெல்லாம் வெளியே வந்தது. முதல்நாள் வீட்டில் நண்டு போட்டு ஒடியல் கூழ் காய்ச்சியிருந்தார்கள். எங்கள் ஆட்களைத் தெரியும்தானே, கூழ் குடித்த மறுநாள் வயிறு குத்தினால் குற்றவாளி நண்டுதான். நண்டு பழசு என்றார்கள், வாங்கி வந்தவரை ஏசினார்கள், ஓமத்தண்ணி அவித்துக் கொடுத்தார்கள். சற்று நேரத்தில் அவளுடைய இமைகள் சரிந்தன. பாவம், நித்திரை இல்லாத களைப்பு, கண்ணயரட்டும் என்று வீட்டுக்குள் படுக்கவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். பேச்சுக் குழறத் தொடங்கிய பிறகுதான் புருசன் தர்மலிங்கம் பயந்துபோய் ஓட்டோ பிடித்தார். கிட்டவுள்ள சிறிய ஆஸ்பத்திரியில் இருந்த பெண் டொக்டர் அந்தச் சரிந்த இமைகளைக் கண்டதும் ஒரு நொடியும் தாமதிக்காமல் அம்புலன்சில் எங்களிடம் அனுப்பினார். வந்து சேரும்போது மூச்சு நூலில் நின்றது. குழாய் விட்டு மெஷினில் போட்டோம். பின்னேரம் கொட்டிலில் பாயைச் சுருட்டியபோது அடியில் விரியன் கிடந்ததாம். கறுப்பு உடம்பில் வெள்ளை வளையம் போட்ட சாதி. அது கடித்தால் நோகாது, வீங்காது. கடித்த இடம் நுளம்பு கடித்த அளவுக்கும் தெரியாது. நண்டு அநியாயமாகப் பழி சுமந்தது.

விச முறிவு மருந்து கொடுத்தோம். ஆனால் அது இரத்தத்தில் திரிகிற விசத்தைத்தான் பிடிக்கும். நரம்பின் நுனிக்குள் போய் வேலையைக் காட்டிவிட்ட விசத்தை அது ஒன்றும் செய்யாது. நரம்புக் கணத்தாக்கம் என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியிருப்பீர்கள். மூளையில் கிளம்பும் கட்டளை மெல்லிய மின்னோட்டமாக நரம்பு வழியே ஓடி வருகிறது. நரம்பின் நுனிக்கும் தசைக்கும் நடுவே சின்ன இடைவெளி. மின்னோட்டத்தால் அதைத் தாண்ட முடியாது. ஆகவே நரம்பின் நுனி ஒரு துளி இரசாயனத்தைக் கசிய விடுகிறது. அது போய்த் தொட்டால்தான் தசை அசையும். இந்த விசம் அந்த நுனியைத்தான் அழிக்கிறது. மூளை கட்டளை போடுகிறது, நரம்பு கொண்டு வருகிறது, கடைசிப் பாய்ச்சலில் எல்லாம் நின்று போகிறது. இமை தூக்காது, நாக்கு அசையாது, தொண்டை விழுங்காது, மூச்சுத் தசை இழுக்காது. உள்ளே இருக்கிற ஆளுக்கு என்ன ஆனது என்று வெளியே நிற்கிற நமக்குச் சொல்ல ஒரு தசையும் மிச்சமில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சத்திரசிகிச்சைக் கூடத்தில் மயக்க மருந்து கொடுக்கிற ஒரு டொக்டர் இருந்தார். முன்கோபி. எங்களோடு மரியாதையாகப் பேசிய நாளே இல்லை. ஆனால் கட்டிலில் மரக்கட்டையாகக் கிடக்கிற நோயாளியிடம் மட்டும், "அம்மா, நான்தான் டொக்டர். இப்ப கையிலை ஊசி போடப் போறன், கொஞ்சம் நோகும்" என்பார். எங்களுக்குச் சிரிப்பு வரும். ஒருநாள் நான் சிரித்ததைக் கண்டுவிட்டார். "தசைக்குப் போட்ட மருந்து தசையைத்தான் நிப்பாட்டும். ஆள் எங்கையெண்டு உமக்குத் தெரியுமோ?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அதை எங்கே படித்தார், எந்த நோயாளியிடம் படித்தார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து நானும் அசையாத ஆட்களோடு கதைக்கப் பழகினேன்.

பவளம் அசையாமல் நாட்கள் போயின. நித்திரை மருந்தைக் குறைத்துப் பார்த்தோம், ஒன்றுமில்லை. எங்கள் பெரிய டொக்டர் கொழும்புக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாக நின்றவர் இளம் டொக்டர். நல்ல பிள்ளை, ஆனால் முகத்தில் பயம் அப்படியே தெரியும். பகல் பார்வையாளர் நேரத்தில், தர்மலிங்கத்துக்கும் பவளத்தின் தமையனுக்கும் முன்னால், அவர் இமையைத் தூக்கி ரோச் அடித்துப் பார்த்தார். கண்மணி பெரிதாக விரிந்தபடி நின்றது. வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை. அவர் முகம் மாறியதைத் தமையன் கண்டுவிட்டார்.

இந்தத் தமையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொடிகாமம் சந்தையில் மரக்கறி மொத்த வியாபாரம். பெரிய குரல், பெரிய கை. தங்கை என்றால் உயிர். நாள் தவறாமல் வந்தவர். அவரைக் கெட்டவராக எண்ணிக்கொண்டு இதை வாசிக்காதீர்கள். வெளியே போய் யாருடனோ போனில் கதைத்துவிட்டு வந்தார். கையில் சிறிய போத்தலில் பால்.

"மிசி, கதையைச் சுருக்குவம். கண்மணி விரிஞ்சிட்டுது. கனடாவிலை என்ரை மருமோளும் ஆஸ்பத்திரியிலைதான் வேலை. கண்மணி விரிஞ்சு நிண்டால் மூளை செத்திட்டுது எண்டு அவளே சொல்லுறாள். இனி என்னத்துக்கு இவளைக் குழாயிலை போட்டு வதைக்கிறது? வீட்டை கொண்டு போறம்."

"அண்ணை, மெஷினைக் கழட்டினால் வாசல் தாண்ட முதல் மூச்சு நிண்டிடும்."

"நிண்டால் நிக்கட்டும். எங்கடை சனத்துக்கு நடுவிலை போகட்டும். இஞ்சை போனால் விசாரணை எண்டு வெட்டிக் கொத்தித் துணியிலை சுத்தித் தருவியள். எங்கடை அப்புவைக் கிணத்திலை இருந்து எடுத்த நேரம் அப்பிடித்தான் தந்தவங்கள். நான்தான் வாங்கினனான். அம்மா முகத்தைத் தவிர வேறை ஒண்டும் பாக்கேல்லை, பாக்க விடேல்லை. என்ரை தங்கச்சியையும் அப்பிடி வாங்க என்னாலை ஏலாது."

பாம்புக்கடியில் ஆஸ்பத்திரியில் இறந்தால் மரண விசாரணையும் பிரேத பரிசோதனையும் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் சனம் சாவை விடவும் அந்த அறுவைக்குப் பயப்படும். அந்தப் பயத்தில், இன்னும் போகாத உயிரை வாடகை வானில் ஏற்றிக் கொண்டு போவார்கள். அதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பாசத்தில்தான் அதையும் செய்கிறார்கள், அதுதான் கொடுமை.

அவர் கட்டிலடியில் நின்றபடியே மற்றதையும் கதைக்கத் தொடங்கிவிட்டார். பந்தலுக்குச் சொல்லியாயிற்றாம். உடுத்துவதற்குக் கூறைச் சீலையை எடுத்து வைத்தாயிற்றாம். கனடாக்காரர் வந்து சேர எடுக்கிற நேரத்தைப் பார்த்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியைக் கீரிமலையில் செய்யலாமாம். பிறகு போத்தலைத் திறந்தார். "ஒரு சொட்டுப் பால் வாயிலை விட்டுட்டு வெளிக்கிடுவம். வெறும் வாயோடை அனுப்பக் கூடாது."

நான் அவருடைய கையைப் பிடித்துவிட்டேன். பிடித்த பிடியில் என் விரல்களே நொந்தன.

"அண்ணை, விழுங்கிறதுக்கும் நரம்புதான் சொல்ல வேணும். இப்ப அவவின்ரை தொண்டைக்கு ஒண்டும் தெரியாது. நீங்கள் விடுற பால் வயித்துக்குப் போகாது, சுவாசப்பைக்குப் போகும். வெளியிலை வாங்கோ. அவவுக்கு முன்னாலை இந்தக் கதை வேண்டாம்."

"ஏன், அவளுக்குக் கேக்குதோ?"

"தெரியாது."

"தெரியாதெண்டால் பிறகேன் வெளியிலை கூப்பிடுறியள்?"

"தெரியாதபடியால்தான் கூப்பிடுறன்!"

வாட்டுக்குள் சத்தம் போடக் கூடாது என்று ஊருக்கெல்லாம் ஏசுகிற நான்தான் சத்தம் போட்டேன். அவர் திகைத்துப்போய் வெளியே நடந்தார். தர்மலிங்கம் பின்னாலேயே போனார். அந்த மனிதர் வந்த நாளிலிருந்து வாய் திறந்து பேசியதை நான் கேட்டதில்லை.

இளம் டொக்டர் என்னை மறைப்புத் திரைக்குப் பின்னால் கூப்பிட்டார். "மிசி, எனக்கும் பயமாக் கிடக்கு. பெரிய டொக்டரின்ரை போன் எடுபடுகுது இல்லை. அசைவு ஒண்டும் இல்லை. சொந்தப் பொறுப்பிலை கொண்டு போறம் எண்டு கையெழுத்து வைச்சால் நான் எப்பிடி மறிக்கிறது?"

"தம்பி, கண்மணியைச் சுருக்கிறது ஆரின்ரை வேலை?"

"நரம்பின்ரை."

"அப்ப அந்த நரம்பின்ரை நுனியை மட்டும் விசம் விட்டு வைச்சிருக்குமோ?"

அவர் யோசித்தார். பிறகு திடீரென்று முகம் மலர்ந்தது. "மிசி! தமையன் கீரிமலை எண்டு சொல்லேக்கை இதயத் துடிப்பு ஏறினது. நான் மொனிட்டரிலை பாத்தனான். கண்ணாலை தண்ணியும் வடிஞ்சது. அவவுக்குக் கேக்குது!"

இந்த இடத்தில்தான் நீங்கள் எல்லோரும் வழுக்கி விழுவீர்கள். அதனால் ஆறுதலாக வாசியுங்கள். இதயம் துடிப்பதற்கு மூளையின் உத்தரவு தேவையில்லை. தனக்குள்ளேயே தாளம் வைத்திருக்கிறது. நரம்புகள் வந்து அதைக் கூட்டும் அல்லது குறைக்கும், அவ்வளவுதான். மூச்சு அப்படியல்ல, நரம்பு சொல்லாமல் மூச்சுத் தசை ஒருதரம்கூட அசையாது. பவளத்துக்கு மூச்சு நின்றும் இதயம் ஓடியது அதனால்தான். ஆனால் அந்த இதயம் பயத்தாலும் ஏறும், காய்ச்சலாலும் ஏறும், சளி உறிஞ்சினாலும் ஏறும், இந்த விசத்தாலேயே ஏறும். இமை முழுதாக மூடாத கண் காய்ந்தால் தண்ணீர் வடியும். அதை அழுகை என்று நான் எப்படிச் சொல்வேன்? டொக்டர் நம்ப ஆசைப்பட்டார். நானும் ஆசைப்பட்டேன். ஆசைப்படுகிற நேரத்தில் கண்டதெல்லாம் அடையாளமாகத் தெரியும்.

"அதைத் தமையனிட்டைச் சொல்லாதையுங்கோ. நாளைக்குத் துடிப்பு ஏறாட்டி உங்களைப் பொய்க்காரன் எண்டுவார். எங்களிட்டை ஆதாரம் இல்லை. இல்லையெண்டே சொல்லுவம்" என்றேன்.

ஆகப் பவளம் உள்ளே இருக்கிறாள் என்பதற்கும் ஆதாரம் இல்லை, இல்லை என்பதற்கும் ஆதாரம் இல்லை. வெளியே வான் வந்து நின்றது. முடிவு சொல்ல வேண்டியவர் தர்மலிங்கம். புருசன்தான் கையெழுத்து வைக்க வேண்டும்.

அவர் விறாந்தையில் சுவரோடு சாய்ந்து நின்றார். காலில் செம்மண் காய்ந்திருந்தது. தோட்டத்திலிருந்து நேரே வந்திருக்கிறார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவராகவே கேட்டார்.

"மிசி, செத்தது மூளையோ, நரம்போ?"

அவசர சிகிச்சையில் அத்தனை வருசம் நின்றேன், இவ்வளவு நேரான கேள்வியை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மூளைக்கு என்ன ஆனதென்று தெரியாது, நரம்பின் நுனி போனது மட்டும் தெரியும், அந்த நுனி திரும்ப முளைக்கக்கூடியது என்றேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப இது தண்ணி மாறுற ஆள் இல்லாத தோட்டம் மாதிரி."

"எப்பிடி?"

"கிணத்தடியிலை மெஷின் ஓடுது. வாய்க்கால் நிறையத் தண்ணி வருது. பாத்தியடியிலை மண்வெட்டியோடை நிண்டு வரம்பை வெட்டி விடுற ஆள்தான் இல்லை. பாத்திக்குத் தண்ணி போகாது, பயிர் வாடும். றோட்டாலை போறவன் பயிரைப் பாத்திட்டுக் கிணறு வத்திப் போச்சு எண்டு சொல்லுவான்." என் பக்கம் திரும்பினார். "நீங்கள் இப்ப வாளியாலை அள்ளி ஊத்திக்கொண்டு நிக்கிறியள். அதுதானே அந்தச் சுவாச மெஷின்?"

"ஓம். அதுதான்."

"வேறை ஆள் வருவானோ?"

"வரலாம். நாளாகும். வராமலும் விடலாம். கிணறு வத்தேல்லை எண்டும் என்னாலை சத்தியம் பண்ண ஏலாது. நான் உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டன்."

பிள்ளைகளே, அந்த இடத்தில் "கட்டாயம் எழும்புவா, பயப்பிடாதையுங்கோ" என்று சொல்ல என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் லேசாக முடிந்திருக்கும். விழுங்கிவிட்டேன்.

தர்மலிங்கம் வானடியில் நின்ற மைத்துனரிடம் போனார். நானும் பின்னால் போனேன், அடிபிடி வந்தால் விலக்கலாம் என்று.

"மச்சான், நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

"விசரே உனக்கு? அவள் போயிட்டாளடா!"

"போயிருந்தால் போகட்டும். போகேல்லையெண்டால், நான் கொண்டு போய்ச் சாக்காட்டினதாப் போயிடும்."

"நாளைக்கு அறுத்துத் தருவாங்கள். அண்டைக்கு நீதான் வந்து வாங்க வேணும். நான் வர மாட்டன்."

"நான் வாங்குறன்" என்றார் தர்மலிங்கம்.

தமையன் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அந்தப் பெரிய மனிதர் வானின் கதவைப் பிடித்துக்கொண்டு, சந்தை முழுக்கக் கேட்கிற அந்தக் குரலில், வாய்விட்டு அழுதார். பால் போத்தலை மதிலில் வைத்துவிட்டு வெறும் வானோடு போனார். நான் ஒரு குடும்பத்தை இரண்டாக்கிவிட்டேனோ, நாளைக்கு இந்த மனிதர் தனியே நின்று தன் மனைவியின் உடலை வாங்கும்படி ஆகுமோ என்று பயந்தேன். மறுநாள் பெரிய டொக்டர் போனில் கிடைத்து, "நல்ல வேலை செய்தனீங்கள், வைச்சிருங்கோ" என்று சொன்ன பிறகும் அந்தப் பயம் போகவில்லை. அவளுடைய மூளைக்கு என்ன ஆனதென்று அவரும் கண்டுவந்து சொல்லவில்லையே.

அதன் பிறகு காத்திருந்தோம். காத்திருப்பதைப் போல் உடம்பை முறிக்கிற வேலை வேறில்லை. திருப்பிப் படுக்க வைப்போம், வாய் துடைப்போம், கண்ணுக்கு மருந்து விட்டு இமையை ஒட்டுவோம். பவளத்தின் கட்டில் என் பொறுப்பில் இருந்தது. செய்கிற ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிச் செய்தேன். "பவளம், இப்ப வலப் பக்கம் திருப்பிறன். பவளம், சளி எடுக்கப் போறன், கொஞ்சம் கரைச்சலா இருக்கும்." பதில் சொல்லாத ஆளோடு எத்தனை நாள்தான் இதையே கதைப்பது? கதை முடிந்துபோனது. ஒருநாள் பின்னேரம், பார்வையாளர் போன பிறகு, அவள் தலையை வாரிக்கொண்டே வாயில் வந்ததைக் கதைக்கத் தொடங்கினேன். எனக்கு நித்திரை வருவதில்லை என்றேன். வெளிநாட்டில் இருக்கிற மகன் போன் எடுத்தால் காசு அனுப்பட்டுமா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறான் என்றேன். வீட்டுக்குப் போனால் கதைக்க ஆளில்லை, இங்கே வந்தால் கதைக்கிற ஆள் இல்லை என்றேன். "களைச்சுப் போனன் பவளம், நல்லாக் களைச்சுப் போனன்" என்றேன். இதை நான் என் கூடப்பிறந்தவர்களிடம்கூடச் சொன்னதில்லை. மொனிட்டர் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. பின்னலை முடித்துக் கட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

தர்மலிங்கம் ஒவ்வொரு நாளும் பகல் வந்து ஈரத் துணியால் அவளுடைய பாதங்களைத் துடைப்பார். அனுமதி கேட்டார், கொடுத்தோம். ஆஞ்சநேயருக்கு வெற்றிலை மாலை சாத்தப்போவதாகச் சொன்னார், வேறொன்றும் கதைப்பதில்லை. அப்படித் துடைத்துக்கொண்டிருந்த ஒருநாள் என்னைக் கையால் கூப்பிட்டார்.

"மிசி, இஞ்சை ஒருக்கா வாங்கோ. ஆருக்கும் சொல்லாதையுங்கோ. என்ரை கண் பொய் சொல்லுதோ தெரியாது."

இடது காலின் பெருவிரல் அசைந்தது என்றார். நான் சந்தோசப்படவில்லை. தானாகவும் துடிக்கும் என்று எனக்குத் தெரியும். குனிந்து காதுக்குள் சொன்னேன்.

"பவளம், இடது கால் பெருவிரலை ஆட்டுங்கோ."

அசைந்தது.

"இப்ப ஆட்டாதையுங்கோ. நான் சொல்லுமட்டும் வேண்டாம்."

காத்திருந்தேன். அசையவில்லை.

"இப்ப ஆட்டுங்கோ."

அசைந்தது. நகத்தளவுதான். ஆனால் சொன்னதும் அசைந்தது, சொல்லாதபோது நின்றது. தர்மலிங்கம் ஈரத் துணியோடு அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். "தண்ணி விழுந்திட்டுது, மிசி" என்றார். அவருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இளம் டொக்டர் ஓடிவந்து, தானும் ஒருதரம் சொல்லிப் பார்த்து, தானும் அழுதார். நான் அழவில்லை. எனக்கு இருக்க இடம் வேண்டும்போல் இருந்தது, கதிரைதான் அகப்படவில்லை.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு எல்லோரையும் மறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. பவளத்துக்குப் பிறகு இன்னொரு பிள்ளை அதே சாதிப் பாம்பு கடித்து வந்தான். மூச்சு நின்று கனநேரம் கழித்துத்தான் கொண்டு வந்தார்கள். பொறுங்கள் என்று அந்தத் தாய்க்கும் நான்தான் சொன்னேன். பொறுத்தார். அவன் எழும்பவில்லை. பிரேத பரிசோதனையும் நடந்தது. போகும்போது அந்தத் தாய் எனக்கு முன்னால் வந்து நின்று, "நீங்கள்தானே பொறுக்கச் சொன்னியள்" என்றார். ஓம் என்றேன். அந்த முகம் இன்னும் என்னோடுதான் இருக்கிறது. நீங்கள் சரியாக நடந்தும் ஏச்சு வாங்குவீர்கள். அதையும் சம்பளத்தோடு சேர்த்து வாங்கிக்கொள்ளப் பழகுங்கள்.

பவளத்துக்குப் பெருவிரல், பிறகு கணுக்கால், பிறகு நெற்றிச் சுருக்கம், கடைசியாக இமை என்று ஒவ்வொரு பாத்தியாகத் தண்ணீர் வந்தது. தமையன் வந்தார். வாசலில் நின்றே விம்மினார். உள்ளே வரவே வெட்கப்பட்டார். நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். பின்னாளில் பவளம் அவரை விட்டுவைக்கவில்லை. வீட்டுக்குப் போன பிறகு, "அண்ணை, கீரிமலையிலை அந்தியேட்டி எண்டு கதைச்சனீங்கள்தானே, என்னை ஒருக்காக் கேணியிலை முழுகக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று கேட்டாளாம். பாவம் மனிதர், வாய் பேசாமல் கூட்டிப் போனாராம்.

நான் சொல்ல வந்தது குழாய் எடுத்த பிறகு நடந்ததைப் பற்றி. குழாய் எடுத்த அன்றுதான் இமையும் திறந்ததாம், எனக்கு அன்று விடுமுறை. அடுத்த நாள் காலை போனேன். இரட்டை வேலை நாள், கால் அப்போதே வீங்கத் தொடங்கியிருந்தது. பவளம் தலையணையில் சாய்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது, ஆனால் வாசல் பக்கம் பார்க்கவில்லை. நான் வழக்கம்போல் கட்டிலடியில் நின்று, "பவளம், இப்ப பிறசர் பாக்கப் போறன்" என்றேன்.

அவள் சட்டென்று திரும்பினாள். என் முகத்தை உற்றுப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இத்தனை நாள் அவளுடைய தலை வாரியிருக்கிறேன், வாய் துடைத்திருக்கிறேன், அவள் என் முகத்தைக் காண்பது இதுதான் முதல் தடவை.

"நீங்கள்தானோ அது?" என்றாள். குழாய் உரசிய தொண்டை, காற்றுத்தான் வந்தது. "இப்ப நித்திரை வருதே உங்களுக்கு?"

பிறசர் பட்டியைக் கட்டுவது போல் குனிந்துகொண்டேன். "ஓம், ஓம். இப்ப நல்லா வருது" என்றேன்.

"பொய். குரல் எனக்குத் தெரியும். அண்டைக்குக் கதைச்ச மாதிரித்தான் இண்டைக்கும் களைச்சுப்போய்க் கதைக்கிறியள்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு எதற்கோ முயன்றாள். நெற்றி சுருங்கியது, வியர்த்தது. போர்வைக்குள் அவளுடைய இடது கால் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்தது. கட்டில் விளிம்பில் ஒரு ஆள் இருக்கிற அளவுக்கு இடம் வந்ததும் நின்றது.

"இருங்கோ, மிசி" என்றாள்.

நான் இருந்தேன்.